கையிருப்பில்லா வணிகத்தில் பணம் திரும்பும் வழி

சிகந்தராபாத்தைச் சேர்ந்த மெட்டுகுடா ஓர் இரயில்வே பகுதி. 1893-இல் நிறுவப்பெற்ற லாலாகுடா இரயில்வே பணிமனை இதன் அருகில் உள்ளது. இப்பகுதியின் குடியிருப்புகளில் தெலுங்கு பேசுவோருடன் தமிழ்க் குடும்பங்களும் வாழ்கின்றன. இன்று இத்தெருக்களில் நாள்தோறும் பொட்டலங்கள் வந்து இறங்குகின்றன. அவற்றை வாங்குவோர் மட்டுமன்றி, கைப்பேசி ஒன்றையே கடையாகக் கொண்டு விற்போரும் இத்தகைய பகுதிகளில் இருக்கின்றனர். இவ்விரு சாராரையும் ஒருங்கே குழப்பத்தில் ஆழ்த்துவது, பொருள் வராதபோதும் பழுதாக வந்தபோதும் திரையில் தோன்றும் சில சொற்களாகும். ‘ரீஃபண்ட் இனிஷியேட்டட்’, ‘அண்டர் ரிவ்யூ’, ‘டிஸ்பியூட் ஓப்பன்’, ‘ரிசால்வ்ட்’ என்னும் இச்சொற்களைப் படித்துவிட்டு, பணம் வந்துவிடும் என்று பலர் காத்திருக்கின்றனர். அவ்வாறு காத்திருக்கும் காலத்திலேயே பணத்தைக் கேட்டுப் பெறுவதற்குரிய கெடு முடிந்துபோவதும் உண்டு.

ஆகவே, இக்குறிப்பு ஒவ்வொன்றும் யாருடைய கூற்று, அது கூறப்படும் வேளையில் பணம் யார் கையில் இருக்கிறது என்பதை அறிதல் இன்றியமையாதது.

தொலைவிலுள்ள ஒருவரிடம் பணத்தை நம்பிக் கொடுப்பது எப்படி என்னும் சிக்கல் புதியதன்று. இந்திய அஞ்சல் துறை 1877-இலேயே வி.பி.பி. முறையைத் தொடங்கியது. அஞ்சல்காரர் பொட்டலத்தைக் கொடுத்துப் பணத்தைப் பெறுவார். அப்பணம் பின்னர் அனுப்பியவருக்குச் சேர்க்கப்படும். இதில் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. 1898-ஆம் ஆண்டின் இந்திய அஞ்சலகச் சட்டம், மோசடி நேர்ந்த இடத்து, வசூலித்த பணத்தை அனுப்பியவருக்குக் கொடாமல் நிறுத்திவைத்து, பெற்றவருக்கே திருப்பிக் கொடுக்க விதிகள் செய்துகொள்ள வகை செய்திருந்தது. அச்சட்டத்தின் இடத்தில் 2023-ஆம் ஆண்டின் அஞ்சலகச் சட்டம் 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்துவிட்டது. எனினும் இடையில் நிற்பவர் பணத்தைப் பிடித்துவைத்தல் என்னும் அக்கருத்தே இன்றைய ‘டிஸ்பியூட்’ முறையின் அடிப்படையாகவும் இருந்துவருகிறது.

இரண்டு ஒப்பந்தங்கள்

‘டிராப்ஷிப்பிங்’ எனப்படும் வணிகத்தில் விற்பவரிடம் சரக்கு இராது. ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். மெட்டுகுடாவில் வாடகை அறையில் தங்கிப் படிக்கும் மாணவர் ஒருவர் இணையத்தில் மேசை விளக்கு ஒன்றை ரூ. 2,400 விலையில் விளம்பரம் செய்கிறார். இரயில்வே ஊழியர் ஒருவர் பணம் செலுத்தி அதை வாங்குகிறார். மாணவர் உடனே தில்லியிலுள்ள மொத்த வியாபாரிக்கு ரூ. 1,700 செலுத்தி, விளக்கை ஊழியரின் முகவரிக்கே நேராக அனுப்பச் சொல்கிறார். விளக்கை மாணவர் கண்ணால் காண்பதே இல்லை.

இங்கு நடந்தவை இரண்டு விற்பனைகள். ஊழியருக்கும் மாணவருக்கும் இடையே ஒன்று. மாணவருக்கும் மொத்த வியாபாரிக்கும் இடையே மற்றொன்று. பொட்டலம் ஒன்றே ஆயினும் ஆர்டர் எண்கள் இரண்டு, பணம் சென்ற வழிகள் இரண்டு. விளக்கு உடைந்து வந்தால் பணம் திரும்ப வேண்டிய வழிகளும் இரண்டு. “மொத்த வியாபாரியிடமிருந்து பணம் வந்ததும் உங்களுக்கு அனுப்புகிறேன்” என்று மாணவர் கூறுவாராயின், இரண்டாம் ஒப்பந்தத்தின் தாமதத்தை முதல் ஒப்பந்தத்தின் மேல் ஏற்றுகிறார் என்பதே பொருள். ஊழியர் அந்த மொத்த வியாபாரியை அறியார். அவருக்குப் பணம் கொடுத்தவரும் அல்லர்.

பெரிய நிறுவனங்களும் இந்த விடையைக் கூறியதுண்டு. 2020-ஆம் ஆண்டின் ஊரடங்கின்போது ரத்தான விமானப் பயணங்களுக்குரிய பணத்தைத் திருப்புவது பற்றி உச்ச நீதிமன்றம் அவ்வாண்டு அக்டோபர் 1-ஆம் நாள் தீர்ப்பளித்தது. அதன் பின்னரும் பயணச்சீட்டு முகவர் நிறுவனங்கள் சில, விமான நிறுவனங்களிடமிருந்து பணம் வரவில்லை என்று காரணம் கூறின. ‘யாத்ரா’ நிறுவனத்திடம் 2021-இல் நிலுவையில் இருந்த பதிவுகள் 36,276. தொகை ஏறத்தாழ ரூ. 26 கோடி. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விசாரணையை மேற்கொண்ட பின், 2024 ஜூனில் இது 4,837 பதிவுகளாகவும் ஏறத்தாழ ரூ. 2.5 கோடியாகவும் குறைந்தது. எஞ்சியோரைத் தொலைபேசியில் அழைத்துத் தெரிவிப்பதற்காக, தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் அந்நிறுவனம் தன் செலவில் ஐந்து இருக்கைகளை ஏற்படுத்த வேண்டும் என்றும் ஆணையம் உத்தரவிட்டது. பயணச்சீட்டு வேறு, மேசை விளக்கு வேறு. ஆனால் இடைநிற்போர் மேலே கையைக் காட்டுவதும், கீழே இருப்பவர் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பதும் இரண்டிலும் ஒன்றே.

பொருள் பற்றிய குறிப்புகள்

பணத்தைப் பற்றிய குறிப்புகளைப் புரிந்துகொள்ளப் பொருளைப் பற்றியவற்றையும் ஓரளவு அறிய வேண்டும். ‘ஷிப்ட்’ என்பது பல வேளைகளில் பொட்டலம் புறப்பட்டதைக் குறிப்பதில்லை. முகவரிச் சீட்டு அச்சிடப்பட்டு, கண்காணிப்பு எண் உருவானதை மட்டுமே குறிக்கும். கூரியர் நிறுவனம் பொட்டலத்தைக் கையில் பெற்று முதன்முறை வருடிப் பதிவு செய்த பின்னரே அது புறப்பட்டதாகக் கொள்ளலாம். கையிருப்பில்லா வணிகத்தில் இவ்விரண்டிற்கும் இடையே பல நாள்கள் கழிவது இயல்பு. மொத்த வியாபாரியிடமும் சரக்கு இல்லாது போகலாம் அன்றோ!

அயல்நாட்டிலிருந்து அஞ்சல் வழி வரும் பொட்டலமாயின், அதன் எண்ணே ஊரைச் சொல்லிவிடும். அனைத்துலக அஞ்சல் ஒன்றியத்தின் முறைப்படி அது முதலில் இரண்டு ஆங்கில எழுத்துகளும், நடுவில் ஒன்பது இலக்கங்களும், இறுதியில் அனுப்பிய நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்துகளும் கொண்டது. ‘சி.என்.’ என முடிந்தால் சீனம், ‘ஐ.என்.’ என முடிந்தால் இந்தியா. சீனப் பொருள்களை இவ்வாறு நேராக வரவழைப்பது முன்போல் எளிதன்று. அன்பளிப்பு என்ற பெயரில் இணைய வணிகப் பொருள்கள் வருவது 2019 டிசம்பரில் தடுக்கப்பட்டது. அலிஎக்ஸ்பிரஸ் செயலி 2020 நவம்பரில் தடை செய்யப்பட்ட 43 செயலிகளுள் ஒன்றாயிற்று. ஆகவே இந்தியாவில் இவ்வணிகம் பெரும்பாலும் உள்நாட்டு மொத்த வியாபாரிகளைச் சார்ந்து நடைபெறுகிறது. பெங்களூரில் 2015-இல் தொடங்கிய மீஷோ நிறுவனம், இல்லத்தரசிகள் வாட்ஸ்அப் வழியாகப் பிறர் சரக்கை விற்கும் முறையைப் பரப்பியே முதலில் வளர்ந்தது.

‘டெலிவர்ட்’ என்னும் குறிப்பு கூரியர் ஊழியரின் கூற்று. பொருள் கைக்கு வராமலே இக்குறிப்பு தோன்றினால் அன்றே எழுத்து மூலம் மறுப்புத் தெரிவிப்பது அவசியம். பொருளைத் திருப்பி அனுப்புவதற்கான நாள்கள் பெரும்பாலும் இக்குறிப்பிலிருந்தே எண்ணப்படுகின்றன. சில தளங்களில் ‘பொருள் கிடைத்தது’ என உறுதி செய்யும் பொத்தான் ஒன்று இருக்கும். பொட்டலத்தைப் பிரித்துப் பாராமல் அதை அழுத்தினால், பிடித்துவைக்கப்பட்ட பணம் விற்பவருக்கு விடுவிக்கப்பட்டுவிடும்.

பணம் எங்கே இருக்கிறது?

இணையத்தில் செலுத்தும் பணம் விற்பவர் கையை உடனே அடைவதில்லை. இடையில் பணம் பெற்றுச் சேர்க்கும் நிறுவனம் ஒன்று உண்டு. இத்தகைய நிறுவனங்களுக்கு இந்திய ரிசர்வ் வங்கி 2020 மார்ச் 17-ஆம் நாள் நெறிமுறைகளை வெளியிட்டது. வாங்குவோரின் பணத்தை வங்கியில் தனிக் காப்புக் கணக்கில் வைக்க வேண்டும் என்பதும், திருப்பும் பணம் வந்த வழியிலேயே செல்ல வேண்டும் என்பதும் அவற்றுள் அடங்கும். வாங்கியவர் தாமே இசைந்தால் மட்டுமே வேறு வழியில் செலுத்தலாம்.

இந்த இசைவு அற்பமான செய்தி அன்று. பணத்திற்குப் பதில் தள்ளுபடிச் சீட்டோ, அத்தளத்தில் மட்டுமே செலவழிக்கக்கூடிய இருப்போ கொடுத்துவிட்டு, ‘ரீஃபண்ட் கம்ப்ளீட்டட்’ எனக் குறிப்பது வழக்கில் உள்ளது. ஓலா நிறுவனம் தன் பயணிகளுக்குச் சீட்டு மட்டுமே கொடுத்துவந்ததை ஆராய்ந்த நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், வங்கிக் கணக்கா, சீட்டா என்னும் தேர்வைப் பயணிகளுக்கே விட வேண்டும் என 2024 அக்டோபரில் உத்தரவிட்டது.

இப்போது பணம் திரும்புவது பற்றிய குறிப்புகளை வரிசையாகக் காணலாம். ‘ரிக்வெஸ்ட்டட்’ என்பது வாங்கியவரின் வேண்டுகோள் பதிவாயிற்று என்பது மட்டுமே. ‘அப்ரூவ்ட்’ என்றால் விற்பவர் அல்லது தளம் அதை ஏற்றுக்கொண்டது. பணம் இன்னும் அசையவில்லை. ‘இனிஷியேட்டட்’ என்றால் பணத்தைத் திருப்புமாறு இடை நிறுவனத்திற்குக் கட்டளை சென்றது. விற்பவரின் கணக்கில் போதிய இருப்பு இல்லையெனில் இக்கட்டளை அங்கேயே நின்றுவிடக்கூடும். ‘பிராசஸ்டு’ என்றால் இடை நிறுவனம் தன் பங்கை முடித்து, வங்கிக்கு அனுப்பிவிட்டது.

இறுதி இரு குறிப்புகளுக்கும் உள்ள வேறுபாட்டை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. அட்டை வழிச் செலுத்திய பணம் உண்மையில் திருப்பப்பட்டிருந்தால் அதற்கு ‘ஏ.ஆர்.என்.’ எனப்படும் 23 இலக்க எண் இருக்கும். யு.பி.ஐ. வழி என்றால் 12 இலக்கக் குறிப்பெண் இருக்கும். விற்பவரிடம் இதைக் கேட்க வேண்டும். எண் கொடுக்கப்பட்டால், அதைக் கொண்டு தம் வங்கியில் விசாரிக்கலாம். தாமதம் வங்கியிடம் உள்ளது என்று தெரியும். பல நாள் கேட்டும் எண் வரவில்லை என்றால் பணம் பெரும்பாலும் புறப்படவே இல்லை.

வேறொன்றையும் பிரித்தறிய வேண்டும். கணக்கில் பணம் கழிந்தது, ஆனால் விற்பவருக்குச் செய்தி எட்டவில்லை, ஆர்டரே பதிவாகவில்லை என்பது தொழில்நுட்பக் கோளாறு. ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் 20-ஆம் நாள் சுற்றறிக்கையின்படி இத்தகைய பணம் ஐந்து நாளுக்குள் தானே திரும்ப வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு ரூ. 100 ஈடு தரப்பட வேண்டும். பழுதான விளக்கிற்கு இந்த ஈட்டைக் கோர இயலாது. அங்கு கோளாறு வங்கியினுடையதன்று.

டிஸ்பியூட்

ரீஃபண்ட் என்பது விற்பவரின் இசைவோடு நடப்பது. அவர் இசையாதபோது எழுவது டிஸ்பியூட். இதுவும் ஒன்றல்ல, இரண்டு. தளத்தினுள்ளே எழுப்பும் பிணக்கில் தளமே நடுவர். அட்டை வழங்கிய வங்கியில் எழுப்பும் பிணக்கு ‘சார்ஜ்பேக்’ எனப்படும். அங்கு விசா, மாஸ்டர்கார்டு முதலிய அட்டை அமைப்புகளின் விதிகளே ஆளும். பொருள் வராமை, விளம்பரத்திற்கு மாறான பொருள் ஆகியவற்றிற்குப் பொதுவாக 120 நாள் வரை இதை எழுப்ப இயலும். தளத்தின் ‘அண்டர் ரிவ்யூ’ குறிப்பைப் பார்த்துக்கொண்டு நான்கு மாதம் கழித்தவருக்கு இவ்வழி அடைபட்டுவிடும்.

சார்ஜ்பேக் எழுப்பியதும் வங்கி சில வேளைகளில் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்கும். இதை முடிவு என்று கருதலாகாது. விற்பவர் சான்றுகளுடன் மறுத்து, அவை ஏற்கப்பட்டால் அவ்வரவு மீண்டும் கழிக்கப்படும். பிணக்குத் திரைகளில் தோன்றும் ‘வான்’, ‘லாஸ்ட்’ என்னும் சொற்களிலும் எச்சரிக்கை தேவை. அவை திரை யாருடையதோ அவர் நோக்கில் எழுதப்பட்டவை. மாணவரின் திரையில் ‘லாஸ்ட்’ என்றிருந்தால், ஊழியர் பணம் பெற்றார் என்று பொருள்.

‘ரிசால்வ்ட்’, ‘க்ளோஸ்டு’ ஆகிய இரண்டும் மேலும் ஏமாற்றக்கூடியவை. புகாருக்கு விடை அனுப்பிவிட்டதாலேயே புகார் தீர்ந்ததாகக் குறிக்கும் வழக்கம் அலுவலகங்களுக்கும் புதியதன்று. விடை நிறைவளிக்காவிடில், குறிப்பிட்ட நாள்களுக்குள் புகாரை மீண்டும் திறக்குமாறு எழுதிக் கேட்பது நல்லது.

அட்டையும் இன்றி, தளமும் இன்றி, விற்பவரின் சொந்த யு.பி.ஐ. எண்ணிற்கே நேராகப் பணம் அனுப்பியவரின் நிலைதான் கடினமானது. இடையில் பணத்தைப் பிடித்துவைப்பார் ஒருவரும் இல்லை. சமூக ஊடக விளம்பரங்களைக் கண்டு வாங்குவோர் பெரிதும் இடர்ப்படுவது இவ்விடத்தில்தான்.

சட்டம் வகுத்த கெடுக்கள்

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. மின்னணு வணிகத்திற்கான விதிகள் அடுத்த மூன்றாம் நாள் அறிவிக்கப்பட்டன. இவ்விதிகளின்படி ஒவ்வொரு மின்னணு வணிக நிறுவனமும் குறைதீர் அலுவலர் ஒருவரை அமர்த்த வேண்டும். அவர் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்திற்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்திற்குள் தீர்க்க வேண்டும். பலர் பொருள்களை விற்கும் சந்தைத் தளமாயின், ஒவ்வொரு புகாருக்கும் எண் கொடுத்து, அதன் நிலையை நுகர்வோர் அறிய வழி செய்யவும் கடமைப்பட்டது. ஆகவே திரையில் தோன்றும் நிலைக்குறிப்பு நிறுவனம் காட்டும் சலுகையன்று. விதி கேட்கும் கடமை.

சந்தைத் தளத்தில் விற்பவர் பழுதான, போலியான, விளம்பரத்திற்கு மாறான, அல்லது அறிவித்த நாளுக்குப் பிந்தி வந்த பொருளைத் திரும்பப் பெறவும் பணத்தைத் திருப்பவும் மறுத்தல் கூடாது என்பது 6-ஆம் விதி. இயற்கைச் சீற்றம் போன்ற தவிர்க்கவியலாத காரணத்தால் நேர்ந்த தாமதத்திற்கு மட்டும் விலக்கு உண்டு. மொத்த வியாபாரி தாமதித்தார் என்பது அத்தகைய காரணமாகாது.

சொந்த இணையப் பக்கத்தில் விற்கும் மாணவரின் நிலை சற்றுச் சிக்கலானது. விதிகள் சந்தைத் தளத்தையும், தன் சொந்தச் சரக்கை விற்கும் நிறுவனத்தையும் வரையறுக்கின்றன. சரக்கே இல்லாத அவர் இவ்விரு வரையறைகளுக்கும் இடையில் நிற்கிறார். விதிகளில் இது ஒரு குறையே எனலாம். எனினும் மூலச் சட்டத்தின் 2(47)-ஆம் பிரிவு எல்லா வணிகருக்கும் பொருந்துவது. பழுதான பொருளைத் திரும்பப் பெற மறுத்தலும், ரசீதில் கண்ட காலத்திற்குள், அவ்வாறு காலம் குறிக்கப்படாவிடில் 30 நாளுக்குள், பணத்தைத் திருப்ப மறுத்தலும் முறையற்ற வணிக நடவடிக்கை என அது கூறுகிறது.

இக்கெடுக்கள் ஒன்றுக்காக மற்றொன்று நிற்பதில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். தளத்தின் ஒரு மாதம், சட்டத்தின் 30 நாள், அட்டையின் 120 நாள், நுகர்வோர் ஆணையத்தில் வழக்கிடுவதற்கான இரண்டு ஆண்டு ஆகிய யாவும் தனித்தனியே ஓடுகின்றன. ‘இன் பிராசஸ்’ என்னும் குறிப்பு இவற்றுள் எதையும் நிறுத்துவதில்லை.

விற்பவரின் கணக்கு

மாணவரின் பக்கத்தையும் பார்ப்பது நியாயம். ரூ. 2,400-இல் மொத்த வியாபாரிக்கு ரூ. 1,700, விளம்பரத்திற்கு ரூ. 300 என்று கொண்டால் எஞ்சுவது ரூ. 400. விளக்கு உடைந்து வந்து, மொத்த வியாபாரியும் கைவிரித்தால் மாணவர் இழப்பது ரூ. 2,000. அதாவது ஐந்து விற்பனைகளின் இலாபம் ஒரு விளக்கில் போய்விடுகிறது. சார்ஜ்பேக் என்றால் இடை நிறுவனத்தின் கட்டணமும் சேரும். பிணக்கு எழுந்ததும் தொகை பிடித்துவைக்கப்பட, சில நாளுக்குள் சான்றுகளை அனுப்புமாறு அறிவிப்பு வரும். பொருள் சேர்ந்ததற்கான சான்றோ மொத்த வியாபாரியிடம் உள்ளது. அதை உரிய நாளில் பெற இயலாத விற்பவர், தவறு செய்யாதவராயினும் தோற்பார்.

ஆகவே, உடைந்த பொருளை யார் ஏற்பது, எத்தனை நாளில் பணம் திருப்புவது, கண்காணிப்பு எண்ணை எப்போது தருவது என்பவற்றை மொத்த வியாபாரியுடன் முன்னரே எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ளாதவர் இவ்வணிகத்தில் இறங்காதிருப்பது நலம். முதலீடே வேண்டாத தொழில் என்று விளம்பரம் செய்யப்படுகிறது. உண்மையில் திருப்பிக் கொடுப்பதற்கான பணமே இதன் முதலீடு. வாங்குவோருக்கும் ஒரு பொறுப்பு உண்டு. விற்பவர் பணத்தைத் திருப்பத் தொடங்கிய பின் சார்ஜ்பேக்கும் எழுப்பினால், ஒரே பொருளுக்கு அவர் இரு முறை கொடுக்க நேரிடும். இரண்டும் வந்துவிட்டால் ஒன்றைத் தெரிவித்துத் திருப்புவதே முறை.

புகார் செய்யும் முறை

குறைதீர் அலுவலரிடம் பயனில்லையெனில் 1915 என்னும் எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அணுகலாம். தமிழ், தெலுங்கு உள்ளிட்ட 17 மொழிகளில் அது புகார்களைக் கேட்கிறது. நிறுவனத்துடன் பேசித் தீர்வு காண முயல்வதே அதன் பணி; தீர்ப்பளிக்கும் அதிகாரம் அதற்கில்லை. வங்கி தொடர்பான குறைக்கு வங்கி 30 நாளுக்குள் விடை தராவிடில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம்.

அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். முன்னர் வழக்கிடுபவர் விற்பவரின் ஊருக்குச் செல்ல வேண்டியிருந்தது. 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு, வாங்கியவர் தாம் வசிக்கும் அல்லது பணி புரியும் இடத்திலேயே வழக்கிட வகை செய்துள்ளது. விற்பவர் தில்லியில் இருப்பினும் மெட்டுகுடாவில் வசிப்பவர் ஐதராபாத்திலேயே முறையிடலாம். கொடுத்த விலை ரூ. 5 இலட்சம் வரையாயின் கட்டணம் இல்லை. வீட்டிலிருந்தே பதிவு செய்ய 2020 செப்டம்பரில் ‘இ-தாக்கில்’ தளமும், பின்னர் 2025 ஜனவரியில் ‘இ-ஜாக்ரிதி’ தளமும் தொடங்கப்பட்டன.

மனுவுடன் இணைக்க வேண்டியவை ஆர்டர் எண், பணம் செலுத்திய ரசீது, விளம்பரத்தின் படம், பொட்டலத்தைப் பிரித்தபோது எடுத்த படம், புகார் எண், வந்த விடைகள் ஆகியன. நிலைக்குறிப்புகளைப் பொறுத்தவரை ஒரு தனி எச்சரிக்கை தேவை. புதிய குறிப்பு தோன்றியதும் சில தளங்களில் பழையது மறைந்துவிடும். ‘அப்ரூவ்ட்’ என்றிருந்தது ஒரு வாரம் கழித்து ‘ரிஜெக்டட்’ ஆகிவிட்டால், முன்னது இருந்ததற்குச் சான்று வாங்கியவரிடம் இருந்தால்தான் உண்டு. ஆகவே குறிப்பு மாறும் ஒவ்வொரு முறையும், நாளும் நேரமும் தெரியுமாறு திரையைப் படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.